பாய் கிழிஞ்சா வீடு வந்து சேரலாம். வடம் அறுந்தா?

1/
பாய்மரப் படகுக்கு வெளிநாட்டிலிருந்து மலிவு விலையில் பாயும் வடமும் வாங்கலாமா, கூடாதா? இங்கே இங்கிலாந்தில் படகு வைத்திருப்பவர்கள் மத்தியில் இது ஓயாத சண்டை. ஒரு டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. நானும் லீவு கிடைச்சா படகு எடுக்கிறவன் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேற. இந்தச் சண்டையில ரெண்டு தரப்பும் பேசுற தப்பான வாதம், நாம மருந்து வாங்கும்போது பேசுற அதே தப்பான வாதம். அதனால படகையே பார்க்காதவங்களும் படிக்கலாம். நீளமான இழை. பொறுமையா வாங்க.

2/
முதல்ல ஒரு நிமிஷ அறிமுகம். காற்றைப் பிடிக்கும் துணிக்குப் பேர் பாய். அதைத் தூக்கி நிறுத்தும் கம்பம் பாய்மரம். சின்னப் படகுகளில் பெரும்பாலும் அலுமினியக் குழாய். அந்தக் கம்பம் தானா நிக்காது. செல்போன் டவருக்கு நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பாங்க இல்லையா, அதே மாதிரி முன்னால, பின்னால, ரெண்டு பக்கவாட்டிலும் எஃகு வடங்கள் இழுத்துப் பிடிச்சிருக்கும். இந்த வடங்கள், முனையில் இருக்கும் பிடிகள், ஊசிகள், முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள்கள் எல்லாம் சேர்ந்ததுக்குப் பேர் ரிக்கிங். பாய், ரிக்கிங். இந்த ரெண்டு சொல் போதும்.

3/
ஏன் வெளிநாடு? காசுதான். என் படகு வெஸ்டர்லி சென்டார், 26 அடி. 1969-லிருந்து 1980 வரை ரெண்டாயிரத்துக்கும் மேல கட்டினாங்க. இங்கிலாந்துக் கடலோட மாருதி 800 என்று வச்சுக்குங்க. இன்னைக்கு இப்படி ஒரு பழைய படகு, பழைய கார் விலைக்குக் கிடைக்கும். ஆனா எல்லாப் பாயையும் புதுசா தைச்சு, ரிக்கிங்கையும் மாத்தினா, செலவு படகு விலையைத் தாண்டிடும். படகு வச்சிருந்தாலே கோடீஸ்வரன்னு நினைக்காதீங்க. நர்ஸ், பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்ற தபால்காரர், இவங்கதான் பக்கத்துப் படகுக்காரங்க. இவங்ககிட்ட போய் "காசைப் பார்க்காதீங்க" என்று உபதேசம் பண்றது எனக்குச் சரியாப் படல.

4/
முதல் தரப்பு என்ன சொல்றாங்க? "ஆசியாவில் தைச்ச பாயா? குப்பை. உள்ளூர்ல வாங்குங்க. உயிர் முக்கியமா, காசு முக்கியமா?"

ரெண்டாம் தரப்பு என்ன சொல்றாங்க? "எல்லாமே இப்ப அங்கதான் தயாராகுது. இங்க ஸ்டிக்கர் ஒட்டி டபுள் விலை வாங்குறான். நான் பாயும் அங்கிருந்துதான், வடமும் அங்கிருந்துதான். ஷேக்கிள் டஜன் பத்து பவுண்டு, ஆன்லைன்ல."

ரெண்டு பேரும் நல்லவங்க. ரெண்டு பேரும் தப்பு.

5/
இதை நம்ம மருந்துக் கடைக்குக் கொண்டு வாங்க. "ஜெனரிக் மாத்திரையா டாக்டர்? அது வேலை செய்யாதே!" என்பது முதல் தரப்பு. "எல்லாம் ஒரே மருந்துதான், எங்க மலிவோ அங்க வாங்கிக்குவோம்" என்பது ரெண்டாம் தரப்பு. இவங்க கேட்கிற கேள்வி ரெண்டே ரெண்டு: எந்த நாடு? என்ன விலை?

கேட்க வேண்டிய கேள்விகள் வேற மூணு இருக்கு.
ஒண்ணு: இது கெட்டுப்போனா எப்படிக் கெட்டுப்போகும்? மெதுவாவா, திடீர்னா?
ரெண்டு: இது எதால் ஆனது என்று யார் எழுத்துல கொடுக்கிறாங்க?
மூணு: இது உடைஞ்சா யார் தலையில விழும்?

இந்த இழை முழுக்க இந்த மூணு கேள்விதான்.

6/
முதல்ல பாய்க்கு வருவோம். சாதாரணப் படகுகளின் பாய் பாலியஸ்டர் துணி. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த இழை. அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனி அதுக்கு வச்ச பேர் டாக்ரான். 1950களில் பருத்திப் பாயை ஓரங்கட்டிட்டு இதுதான் கடலுக்கு வந்தது.

அதே 1950களில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை சிகிச்சை நிபுணர், மகாதமனிக்குச் செயற்கைக் குழாய் செய்ய நைலான் துணி கேட்டு ஒரு ஜவுளிக் கடைக்குப் போறார். நைலான் தீர்ந்துபோச்சு. "டாக்ரான் இருக்கு, வேணுமா?" வாங்கிட்டு வந்து மனைவியோட தையல் மெஷினில் தைச்சார். மகாதமனி அறுவை சிகிச்சையில் இன்றைக்கும் பாலியஸ்டர் குழாய் பயன்படுது.

7/
இதை ஏன் சொல்றேன்? பாயும், மனுஷனோட மகாதமனிக்குள்ள வைக்கிற குழாயும் ஒரே குடும்பத் துணி. வெள்ளைக்காரர் தைச்சாரா, நம்மாளு தைச்சாரா என்று துணிக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் நெசவு எவ்வளவு இறுக்கம், ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடை, எத்தனை வரிசைத் தையல், நூல் வெயிலைத் தாங்குமா, இவ்வளவுதான்.

பாய்த்துணி செய்யும் பெரிய பெயர்கள் உலகத்தில் கொஞ்சம்தான். ஜெர்மனியின் டைமென்ஷன்-பாலியண்ட், நெதர்லாந்தின் கன்டெண்டர், அமெரிக்காவின் சேலஞ்ச் மாதிரி. உள்ளூர்ப் பட்டறையும் இவங்க துணியைத்தான் வாங்குது. ஆசியப் பட்டறைகள் பலவும் இவங்க துணியைத்தான் வாங்குது. கேட்டா எந்தத் துணி, என்ன எடைன்னு விலைப் பட்டியல்லயே எழுதித் தருவாங்க. எழுதித் தராதவங்ககிட்ட வாங்காதீங்க. அது எந்த நாடா இருந்தாலும் சரி.

8/
"ஆனா தையல் தரம்?" என்று கேட்கிறவங்களுக்கு ஒரு செய்தி. பந்தயப் படகு உலகத்தில் உச்சத்தில் இருக்கும் பெயர் நார்த் சேல்ஸ். அவங்களோட முக்கியமான தொழிற்சாலைகளில் ஒண்ணு எங்கே தெரியுமா? இலங்கையில், மினுவாங்கொடையில். உலகக் கோடீஸ்வரங்க பந்தயப் படகில் ஏத்துற பாய்கள் அங்கிருந்து வருது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலியப் படகோட்டி ராலி டாஸ்கர், தன் பேரில் பாய்ப் பட்டறை வச்ச இடம் தாய்லாந்தின் புக்கெட்.

"ஆசியாவில் தைச்சா குப்பை" என்று கிளப்பில் உட்கார்ந்து பேசுறவர், தன் சொந்தப் பாய் எங்கே தைச்சதுன்னு ஒரு தடவை விசாரிச்சுட்டுப் பேசினா நல்லது. ஐரோப்பியப் பட்டறைகள் பலதும் அளவை மட்டும் இங்க எடுத்துட்டு, தையலை ஆசியாவுக்கு அனுப்புறாங்க.

9/
திருப்பூர்க்காரங்களுக்கு இது புதுசே இல்லை. அங்க தைச்ச டி-ஷர்ட் கடல் தாண்டிப் போய், பெரிய பிராண்ட் லேபிளோட பல மடங்கு விலைக்கு விக்குது. அதைப் போட்டுக்கிட்டே ஒருத்தர் "இந்தியாவில தைச்சது தரம் இருக்காது" என்று பேசுவார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வரும்.

"அங்க தொழிலாளிக்குக் கூலி குறைவு, அதை ஆதரிக்கலாமா?" என்று சிலர் கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. ஆனா அதை மலிவுப் பாய் வாங்குற தபால்காரர்கிட்ட மட்டும் கேட்டா நியாயம் இல்லை. அதே ஊர்த் தையலை மும்மடங்கு விலைக்கு விக்கிற பிராண்டுகிட்டயும் கேளுங்க. வித்தியாசப் பணம் தையல்காரர் கைக்குப் போகுதான்னு கேளுங்க.

10/
"பணக்கார நாடு, சான்றிதழ் முத்திரை, அதனால தரம்" என்ற நம்பிக்கைக்கு டாக்டரா ஒரு பதில் வச்சிருக்கேன். அதோட பேர் பிஐபி. பிரான்ஸ் கம்பெனி. மார்பகத்துக்குள் வைக்கும் சிலிகான் உறைகளைச் செய்தாங்க. ஐரோப்பாவின் சிஇ முத்திரை இருந்தது. உள்ளே இருந்தது மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத, தொழிற்சாலைப் பயன்பாட்டு சிலிகான். 2010-ல் அம்பலமாச்சு. பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களின் உடம்புக்குள் அது போயிருந்தது. நிறுவனருக்கு 2013-ல் நாலு வருஷச் சிறை.

பிரான்ஸ்ல செஞ்சதுதான். ஐரோப்பிய முத்திரையும் இருந்ததுதான். என்ன ஆச்சு? எந்த நாடு என்பது ஒரு துப்பு. தீர்ப்பு இல்லை.

11/
இப்ப முதல் கேள்வி: பாய் எப்படிக் கெட்டுப்போகும்?

மூட்டுத் தேய்மானம் மாதிரி. வருஷக்கணக்கில. வெயிலோட புற ஊதாக் கதிர் முதல்ல தையல் நூலை அரிக்கும். விளிம்பு பிரியும். துணி தளரும். இறுக்கமா இருந்த பாய் தொப்பை போடும். படகு முன்னால போறதுக்குப் பதிலா பக்கவாட்டில் சாயும். ஒவ்வொரு பயணத்திலும் "என்னைக் கவனி, என்னைக் கவனி" என்று சொல்லிக்கிட்டே இருக்கும்.

அப்படியே நடுக்கடலில் கிழிஞ்சாலும் என்ன? கீழ இறக்கலாம். இன்னொரு பாய் ஏத்தலாம். எஞ்சின் இருக்கு. தாமதமா வீடு வந்து, மனைவிகிட்ட திட்டு வாங்கலாம். வருத்தம்தான். ஆபத்து குறைவு.

அறிகுறி காட்டிக் கெட்டுப்போற பொருளை மலிவா வாங்குறதில் தப்பே இல்லை.

12/
அதுக்காக உள்ளூர்ப் பட்டறைக்காரர் கொள்ளைக்காரர் என்று சொல்ல வரல. அவர் விலைக்குள்ள ஒரு வேலை ஒளிஞ்சிருக்கு. படகுக்கு வந்து அளவெடுப்பார். ஏத்திப் பார்ப்பார். சரியில்லன்னா திரும்ப வெட்டித் தருவார். வெளிநாட்டில் ஆர்டர் பண்ணா அந்த வேலை உங்க தலையில.

டேப்பைத் தளர்வாப் பிடிச்சு அளந்தா, பாய் தப்பாத்தான் வரும். வீட்டில பிபி பார்க்கிற மாதிரிதான்: கருவி சரியா இருந்தாலும் கையில தப்பாச் சுத்தினா எண் தப்பா வரும். மூணு தடவை, காற்றில்லாத நாளில் அளங்க. பழைய பாயையும் தரையில் விரிச்சு அளங்க. முன்பாய் நுழையும் பள்ளத்தோட அகலத்தை மில்லிமீட்டர்ல குறிச்சுக்குங்க. பெரும்பாலான புகார்கள் துணியால வராது; இந்த அளவுகளால வரும்.

விலையோட கப்பல் கூலி, சுங்கம், 20% வாட் வரி, எல்லாம் கூட்டிட்டு அப்புறம் ஒப்பிடுங்க. கூட்டியும் மலிவா? தாராளமா வாங்குங்க. குற்ற உணர்ச்சி வேண்டாம்.

13/
முதல் தரப்போட கணக்கு முடிஞ்சது. ரெண்டாம் தரப்பு நண்பர்கள் இப்ப கை தட்டுறீங்க. நிறுத்துங்க. இனிமேதான் உங்களோட சண்டை.

"பாய்க்குப் பொருந்தும்னா ரிக்கிங்குக்கும் பொருந்தும் இல்லையா?"

இல்லை. பொருந்தவே பொருந்தாது.

பாய் மூட்டுவலி. ரிக்கிங் மகாதமனி வீக்கம். வயித்துக்குள்ள மகாதமனி பலூன் மாதிரி வீங்கிக்கிட்டே போகும். பல பேருக்கு ஒரு வலியும் இருக்காது. ஒரு நாள் வெடிக்கும். அன்னைக்கு காலை வரைக்கும் "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்று நடமாடினவர்தான்.

14/
என் மாதிரி சின்னப் படகின் பாய்மரத்தைச் சில வடங்கள்தான் தாங்குது. ஒவ்வொரு வடத்துக்கும் மேல ஒரு பிடி, கீழ ஒரு பிடி. ஒவ்வொரு பிடியிலும் ஒரு ஊசி. அந்த ஊசி நழுவாம இருக்க, சுண்டுவிரல் நகத்தளவு ஒரு வளையம். காற்று வீசும் பக்கத்து வடத்தில் இதில் எந்த ஒண்ணு போனாலும், பாய்மரம் சாயுறதுக்குச் சில நொடி போதும். மறுபக்க வடத்துக்குச் சுமையை மாத்த படகைச் சட்டுனு திருப்பணும். அனுபவசாலிக்கே பல நேரம் அதுக்கு அவகாசம் இருக்காது.

சங்கிலியோட பலம் அதன் பலவீனமான கண்ணியில என்பது பழைய உண்மை. ரிக்கிங் என்பது சங்கிலி. பாய் என்பது துணி. இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி சண்டை முடிஞ்சது.

15/
பாய்மரம் விழுந்தா என்ன ஆகும்? மருத்துவரா சொல்றேன், கேட்டுக்குங்க.

எட்டு ஒன்பது மீட்டர் அலுமினியக் குழாய் வடங்களோட சேர்ந்து, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை நோக்கி விழலாம். தலைக்காயம், கழுத்து, கை. யாராவது தண்ணியில விழுந்தா, இந்த ஊர்க் கடல் வருஷத்தில் பெரும்பாலான நாள் 15 டிகிரிக்குக் கீழ. உடம்பு அந்தக் குளிர்ல பட்டதும் தன்னையறியாம மூச்சை உள்ளே இழுக்கும். முகம் தண்ணிக்குள்ள இருந்தா, இழுக்கிறது தண்ணியை.

படகில் இருப்பவங்களுக்கும் நிம்மதி இல்லை. விழுந்த பாய்மரம் வடங்களில் தொங்கிக்கிட்டு, ஒவ்வொரு அலைக்கும் படகின் பக்கத்தை இடிக்கும். ஓட்டை விழும் முன்னாடி வடங்களை வெட்டி விடணும். எஞ்சினைப் போட்டா, தண்ணியில கிடக்கிற கயிறு புரொப்பல்லரில் சுத்திக்கும்.

இன்னொண்ணு. ரேடியோவின் ஆண்டெனா பொதுவா பாய்மரத்து உச்சியில்தான் இருக்கும். அதாவது உதவி கேட்க வேண்டிய அந்த நிமிஷத்தில், உங்க குரலும் சேர்ந்து விழுந்திருக்கும்.

16/
சரி, எஃகுக்கு வருவோம். ரிக்கிங்குக்கு நல்லது என்று சொல்லப்படுவது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. அதோட நெருங்கிய சொந்தமான 316எல் எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடு, ஸ்க்ரூவிலும் உண்டு. சமையலறைப் பாத்திர எஃகு பெரும்பாலும் 304. கண்ணுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே பளபளப்பு. வித்தியாசம், 316-ல் 2 முதல் 3% மாலிப்டினம் இருக்கும். உப்புத் தண்ணியில குழிகுழியா அரிக்காம இருக்க அதுதான் பெரிய பாதுகாப்பு. மாலிப்டினம் விலை அதிகம். அதைக் குறைச்சா லாபம். குறைச்சது யாருக்கும் தெரியாது, ஒரு சில வருஷத்துக்கு.

17/
"காந்தம் வச்சுப் பார்த்தேன், ஒட்டல. அப்ப 316தான்." தப்பு. 304-ம் பல நேரம் ஒட்டாது. நல்ல 316 வடம்கூட இழுத்து நீட்டும்போது லேசா ஒட்ட ஆரம்பிக்கலாம். காந்தம் வச்சு ரகம் சொல்றது, நாக்கைப் பார்த்து சர்க்கரை அளவு சொல்ற மாதிரி.

'துருப்பிடிக்காத' என்ற பேரும் பாதி உண்மைதான். அந்த எஃகைக் காப்பாத்துறது மேல படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு தோல். அந்தத் தோல் உயிரோட இருக்க ஆக்சிஜன் வேணும். வடம் பிடிக்குள்ள நுழையும் இடுக்கில் உப்புத் தண்ணி தேங்கும், காற்று போகாது. அங்க தோல் செத்துடும். உள்ளுக்குள்ளேயே அரிக்கும், விரிசல் விடும். வெளியே பளபளன்னு இருக்கும். கீழ்ப் பக்கத்துப் பிடிகளில் இது அதிகம், ஏன்னா தண்ணி கீழதான் இறங்கித் தேங்கும்.

நல்ல எஃகுக்கே இந்தக் கதி. அதனால்தான் பத்து வருஷம் ஆனா ரிக்கிங்கை மாத்தச் சொல்லி காப்பீட்டுக்காரங்க பலர் கேட்கிறாங்க. மட்டமான எஃகுக்கு எத்தனை வருஷம் என்று யார் சொல்வாங்க?

18/
இப்ப ரெண்டாவது கேள்வி: யார் எழுத்துல கொடுக்கிறாங்க?

6 மில்லிமீட்டர் தடிமன், 19 இழை, 316 எஃகு வடம் அறுபட கிட்டத்தட்ட 3 டன் சுமை வேணும். நல்ல தயாரிப்பாளர் இதை அட்டவணையில் போடுவார். எஃகு எந்த உருக்கிலிருந்து வந்தது, அதில் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சான்றிதழ் இருக்கும். வியாபாரத்தில் அதை '3.1 சான்றிதழ்' என்பாங்க. கேளுங்க. தைரியமா கேளுங்க.

ஆபரேஷன் தியேட்டரில் எலும்புத் தகடு வைச்சதும், அதோட தொகுதி எண் ஸ்டிக்கரை நோயாளியின் கோப்பில் ஒட்டுவோம். பத்து வருஷம் கழிச்சு அந்தத் தொகுதியில் குறை தெரிஞ்சா, யார் யார் உடம்பில் இருக்குன்னு தேடிப் போக அதுதான் வழி.

பத்து பவுண்டு டஜன் ஷேக்கிளில் தொகுதி எண் எங்கே? 'மரைன் கிரேடு' என்று தலைப்பில் எழுதியிருந்தா அது சான்றிதழ் இல்லை. அது விளம்பரம்.

19/
மருந்துல இது எவ்வளவு கொடூரமா முடியும் என்பதை நாம பார்த்துட்டோம். உலகமே நம்பி வாங்குற ஜெனரிக் மருந்துகள் இந்தியாவில் தயாராகுது. அதே இந்தியாவிலிருந்து போன இருமல் சிரப், 2022-ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் மரணத்தோட தொடர்புபடுத்தப்பட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் செத்தாங்க. அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

ரெண்டு இடத்திலும் பேச்சு அடிபட்டது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான். சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். இனிப்பான, நிறமில்லாத திரவம். நல்ல கரைப்பானும் பார்க்க அப்படியேதான் இருக்கும். 304-ம் 316-ம் மாதிரி.

அதே நாடு. அதே மாநிலம். ஒரு தொழிற்சாலை உயிர் காக்குது, இன்னொண்ணு உயிர் எடுக்குது. நடுவில் இருக்கும் வித்தியாசம், வாங்கின பீப்பாயைத் திறந்து சோதிச்சாங்களா, சோதிச்சதை எழுதி வச்சாங்களா என்பதுதான். காகிதம்னு அலட்சியமா நினைக்காதீங்க. காகிதம் இருந்திருந்தா அந்தப் பிள்ளைங்க இருந்திருப்பாங்க.

20/
அப்ப என்ன வாங்கலாம்? என் பட்டியல் இது.

கவலையில்லாம வெளிநாட்டில்: பாய், பாய் மூடும் உறை, பை, பாயை இழுத்துக் கட்டும் சாதாரணக் கயிறுகள்.

காகிதம் இருந்தா எந்த நாட்டிலிருந்தும்: எஃகு வடம். மேல்முனைப் பிடியை மட்டும் அங்க அழுத்தி வாங்கிட்டு, கீழ்முனைக்கு ஸ்டா-லாக் மாதிரி கழட்டிப் பார்க்கக்கூடிய பிடியை இங்க நீங்களே போடலாம். அளவு கொஞ்சம் தப்பினாலும் வெட்டிச் சரி பண்ணலாம். உள்ளே அரிப்பு இருக்கான்னு திறந்தும் பார்க்கலாம்.

பேர் இல்லாதவங்ககிட்ட எந்த விலைக்கும் வேண்டாம்: டர்ன்பக்கிள், முனைப்பிடி, ஊசி, சுமை தாங்கும் ஷேக்கிள். முழு ரிக்கிங் செலவில் பேர் உள்ள ஊசிக்கும் ஊர் பேர் தெரியாத ஊசிக்கும் வித்தியாசம், ஒரு நாள் ஹோட்டல் சாப்பாட்டுக் காசு. அந்த இடத்திலா மிச்சம் பிடிக்கணும்?

21/
ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? பயந்து தூக்கிப் போட வேண்டாம். பழைய இரும்பு வாங்கும் பெரிய கடைகளில் உலோக ரகம் சொல்லும் எக்ஸ்ரே துப்பாக்கி வச்சிருப்பாங்க. ஒரு டீக் காசு கொடுத்தா சில நொடியில் மாலிப்டினம் இருக்கா, இல்லையான்னு சொல்லிடும். விரிசல் பார்க்கச் சாயம் தடவும் சோதனை இருக்கு. வடத்தில் ஒரே ஒரு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா, "இன்னும் பதினெட்டு இருக்கே" என்று கணக்குப் போடாதீங்க. அந்த வடத்துக்கு ஆயுசு முடிஞ்சது.

22/
வரப்போகும் பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்.

"பிராண்ட் ஷேக்கிளும் உடையுதே டாக்டர்?" உடையும். ஆனா அதில் எண் இருக்கும், தயாரிச்சவர் முகவரி இருக்கும், மத்தவங்களை எச்சரிக்க முடியும். பேர் இல்லாதது உடைஞ்சா, அதே தொகுதி இன்னும் எத்தனை படகில் இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

"நான் எட்டு வருஷமா போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல." எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சார் என்று கிளினிக்கில் தினமும் கேட்கிறேன். பீடி குடிச்சு அம்பதுல போன தாத்தாக்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது.

"உள்ளூர்க் கடைன்னா கண்ணை மூடி வாங்கலாமா?" கூடாது! அங்கயும் சான்றிதழ் கேளுங்க. அதே பேரில்லாத சரக்கைக் கண்ணாடி அலமாரியில் வச்சு நாலு மடங்கு விலைக்கு விக்கிறவங்களும் இருக்காங்க. உள்ளூர்ப் பற்று என்பது சோதனைக்கு விலக்கு இல்லை.

23/
மூணாவது கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம். உடைஞ்சா யார் தலையில விழும்?

ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிகிட்ட ஆபத்துகளை விளக்கி ஒப்புதல் கையெழுத்து வாங்குறோம். ஏன்? ஆபத்து அவர் உடம்புக்கு. முடிவும் அவருடையதா இருக்கணும்.

நீங்க தனியா படகு எடுத்துப் போறீங்க, மலிவு ஊசி போட்டிருக்கீங்க. உங்க உயிர், உங்க இஷ்டம். ஆனா ஞாயிற்றுக்கிழமை உங்க படகில் ஏறும் அக்கா பையன், ஆபீஸ் நண்பர், அவர் மனைவி, இவங்ககிட்ட "இந்தப் பாய்மரத்தைப் பிடிச்சிருக்கிற ஊசி எதால் ஆனதுன்னு எனக்கே தெரியாது, முப்பது பவுண்டு மிச்சமாச்சு" என்று சொல்லி ஏத்துறீங்களா?

சொல்ல வாய் வரலன்னா, அந்த ஊசியை மாத்துங்க. இதைவிட எளிமையான சோதனை எனக்குத் தெரியாது.

24/
வாங்குறவரை மட்டும் திட்டிட்டுப் போறதும் நியாயம் இல்லை. சுமை தாங்கும் ஒரு பொருளை, யார் செஞ்சது என்ற பேரே இல்லாம, 'மரைன் கிரேடு' என்று தலைப்புப் போட்டு விக்க அனுமதிக்கும் ஆன்லைன் சந்தைகள் கைகழுவிட்டுப் போக முடியாது. ஒரு மாத்திரை அட்டையில் தயாரிப்பாளர் பேர், தொகுதி எண், தேதி இல்லாம விக்க முடியுமா? மனுஷன் உயிர் தொங்குற ஷேக்கிளுக்கு மட்டும் ஏன் விலக்கு? அளவில் சின்னது என்பதாலா? மாத்திரை அதைவிடச் சின்னது.

25/
கடைசியா, படகு இல்லாத நண்பர்களுக்கு. உங்க வீட்டு கேஸ் ரெகுலேட்டர் டியூப், பைக் ஹெல்மெட், குழந்தை கார் சீட், மாடியில் துணி காயப்போடும் கொடி. எல்லாத்துக்கும் அதே மூணு கேள்வி. கொடி அறுந்தா துணி அழுக்காகும், மலிவா வாங்குங்க. கேஸ் டியூபுக்கு முத்திரையும் தேதியும் பாருங்க; வெளிநாடா உள்நாடா என்பது அப்புறம்.

சிக்கனமா இருக்கிறதில் வெட்கமே இல்லை. எங்கே சிக்கனம் பண்றோம் என்பதில்தான் புத்தி இருக்கு. துணியில மிச்சம் பிடிங்க. ஊசியில பிடிக்காதீங்க.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. நைட் டியூட்டி முடிஞ்சு பதில் போடுறேன்.